ஆமைப் பாறைக்கு எண்பத்தைந்து அடி

மார்ச் 3, செவ்வாய்

இந்த நாட்குறிப்பு மோட்டார் கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுத்தது. போன வருஷத்தது. கிழமைகளை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன். இந்த வட்டாரத்தில் இதற்குத் தகுதியான மெக்கானிக் என்னைவிட்டால் வேறு யார் என்று யோசித்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

எழுதச் சொன்னது வீட்டுக்காரி. தையல் மிஷினை நிறுத்தாமலே, "எங்கிட்ட சொல்றதையெல்லாம் அதுல எழுதுங்க. என் காது கொஞ்சம் ஓயட்டும்" என்றாள். இருபத்தாறு வருஷமாக என் அனுபவங்களைக் கேட்ட காது. ஓயட்டும்.

இன்று ஒரு கிணற்றிலிருந்து மோட்டார் தூக்கினேன். ஆழம் தொண்ணூறு அடி. கயிறு நனைந்தால் கனக்கும், அந்தக் கனத்தையும் ஆழத்தோடு சேர்க்க வேண்டும் அல்லவா? நூற்றைம்பது அடி என்று வைத்துக்கொள்வோம்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அடுத்த வார சனி ஞாயிறுக்கு ஆற்றங்கரையில் ஒரு மரவீடு எடுத்திருக்கிறாள். அவள், மாப்பிள்ளை, அவர்கள் பெண், நாங்கள் இருவர். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கினாள் என்பதால் சுண்டெலி என்று கூப்பிடுகிறோம். சுண்டெலி பள்ளிக்கூடக் குளத்தில் ஆறு மாசமாக நீச்சல் பழகுகிறது. ஆற்றில் நீந்த வேண்டுமாம், நடு ஆற்றுப் பாறை வரைக்கும்.

"அண்ணன் கூட இறங்குறதா இருந்தாதான் விடுவேன்னு சொல்லிட்டேன்" என்றாள் தங்கை. "அவ இப்பவே பையக் கட்டுறா."

நான் என்ன சொல்வேன்? "ஆறு என்னம்மா ஆறு, கடலக் கொண்டா" என்றேன்.

மிஷின் நின்றது. வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். மறுபடி மிஷின் ஓடியது.

மார்ச் 5, வியாழன்

இந்தப் புத்தகத்துக்கு வாய் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு நீச்சல் தெரியாது.

எழுதிவிட்டுக் கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை.

கிணறு கிணறாக மோட்டார் இறக்குகிறவன், தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் விரும்பி இறங்கியவன் இல்லை. மேலே நின்று கயிறு பிடிப்பேன். கீழே இறங்குவது எப்போதும் மோட்டார்தான், நான் இல்லை. இது வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான வருஷம் ஒரு குளத்துப் படியில் வழுக்கி, முழங்கால் தண்ணீரில் நான் போட்ட கூச்சலைக் கேட்டவள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "உங்க கதையில எனக்குப் பங்கு வேணாம். அதக் கெடுக்குற பாவமும் வேணாம்" என்பாள்.

எல்லாம் ஒரு செருப்பில் ஆரம்பித்தது. தங்கைக்கு ஐந்து வயசு, எனக்குப் பதினொன்று. புதுச் செருப்பு, சிவப்பு வார். ஆற்றங்கரையில் ஒன்று நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை. நான் கரையோரமாகவே நடந்தேன். அடுத்த பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு புதரில் மாட்டியிருந்தது. குச்சியால் இழுத்து எடுத்தேன். திரும்பி வரும்போது என்ன தோன்றியதோ, நாலு கை தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டேன். "நீந்திப் போய் எடுத்தேன்" என்றேன்.

அழுகை நின்றது. அந்தக் கண்ணில் நான் எப்படித் தெரிந்தேன் என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு ஆறு சேர்ந்துகொண்டது. நானா சேர்த்தேன்? கேட்டார்கள், சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

சுண்டெலி போன். "மாமா, தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் மூச்சடக்குவீங்க?"

நாலு நிமிஷம் என்றேன். நாக்கு என் நாக்கா, வாடகை நாக்கா?

மார்ச் 12, வியாழன்

என் வேனில்தான் போகிறோம். மோட்டார் சாமான்களை இறக்கி வைத்து இருக்கைகளைத் துடைத்தேன். நைலான் கயிற்றை மட்டும் இறக்கவில்லை. அது இல்லாமல் வேன் ஓடாது என்று ஒரு நம்பிக்கை.

தங்கை ஒரு ரப்பர் வளையம் வைத்திருக்கிறாளாம், காற்றடித்துப் போட்டுக்கொள்வது. எடுத்து வரவா என்று கேட்டாள். வேனில் இடம் இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "நான் இருக்கும்போது ரப்பர் எதுக்கு?" என்றும் சொன்னேன்.

வீட்டுக்காரி சட்டை மடித்துக்கொண்டே, "வலது தோள் வலிக்கிறதா இருந்தா இப்பவே ஆரம்பிங்க. அங்க போய் ஆரம்பிச்சா நம்ப மாட்டாங்க" என்றாள்.

நல்ல யோசனை.

மார்ச் 14, சனி. மத்தியானம்

வந்து சேர்ந்தோம். மூன்று மணி நேரப் பாதையை ஒன்றரை மணியில் கொண்டுவந்தேன். (மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்றேகால் என்றார். அவர் நில அளவைக்காரர். எதையும் அளக்காமல் விடுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி பார்க்கிற ஆள். நல்ல மனுஷர்தான். என்னோடு பேச உட்காரும்போது மட்டும் கொஞ்சம் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.)

மரவீடு அழகு. இரண்டு அறை, முன்னால் பலகைத் தாழ்வாரம். தாழ்வாரத்திலிருந்து ஏழு படி இறங்கினால் மணல், மணலுக்கு அப்பால் ஆறு. நடுவில் ஒரு பாறை, ஆமை முதுகைத் தூக்கியது மாதிரி. தண்ணீர் இந்தப் பக்கம் சும்மா கிடப்பதுபோல் கிடக்கிறது. பாறைக்குப் பக்கத்தில் மட்டும் தோல் சுருங்குகிற மாதிரி ஒரு நெளிவு. அங்கே இழுப்பு உண்டு, பாறையைத் தாண்டிப் போகவேண்டாம் என்று மரவீட்டுக்காரர் சொன்னார். பாறைக்கு முன்னூறு அடி இருக்கும் என்றேன். மாப்பிள்ளை ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்து, "எண்பத்தஞ்சு, மச்சான்" என்றார்.

மரவீட்டுக்காரர் ஒரு பதிவேட்டை நீட்டினார். பெயர், விலாசம், எத்தனை பேர். கடைசிக் கட்டத்தில்: "சிறுவர்கள் ஆற்றில் இறங்கினால், உடன் இருக்கும் நீச்சல் தெரிந்த பெரியவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுண்டெலி பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தது.

கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. 'நிபுணர்' என்று எழுதினேன்.

அதே நாள், சாயங்காலம்

தோள் வலி என்றேன். சுண்டெலி ஓடிப்போய்த் தைலம் எடுத்து வந்து பத்து நிமிஷம் தேய்த்தது. பிஞ்சு விரல். "நாளைக்குக் காலைல சரியாயிடும் மாமா" என்றது. கரையோரமாக இடுப்புத் தண்ணீரில் அம்மா கண்ணெதிரில் நீந்திக்கொண்டு, நாலு தடவை பாறையைப் பார்த்துவிட்டு ஏறிவிட்டது. அடம் பிடிக்கவில்லை. அடம் பிடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தாழ்வாரத்தில் டீ குடிக்கும்போது தங்கை செருப்புக் கதையை மாப்பிள்ளைக்குச் சொன்னாள். அவருக்கு இது எத்தனையாவது தடவையோ. அவள் சொல்லும்போது வெள்ளம் வந்து, மரம் மிதந்து வந்து, நான் மரத்துக்கு அடியில் மூழ்கி அந்தப் பக்கம் எழுந்தேன். மரத்தை நான் சொன்னதே இல்லை, சத்தியமாக. அது அவளுடைய மரம்.

வீட்டுக்காரி எழுந்து உள்ளே போனாள்.

மார்ச் 15, ஞாயிறு

உள்ளங்கை இரண்டும் எரிகிறது. பேனாவை விரல் நுனியில் பிடித்து எழுதுகிறேன். இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழக்கமில்லாத வேலை. எங்கேயாவது மரம் மிதந்து வந்தால் அடித்துவிடுகிறேன்.

காலை ஏழு மணி. சுண்டெலி நீச்சல் உடுப்போடு தண்ணீரில் நின்று என்னைக் கூப்பிட்டது. தங்கையும் மாப்பிள்ளையும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "தோள் எப்படிண்ணா இருக்கு?" என்று தங்கை கேட்டாள். பரவாயில்லை என்றேன். பிஞ்சு விரல் தேய்த்த தோளை வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் வரை இறங்கினேன். கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். குளிர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பெண் இரண்டு கை வீச்சு நீந்தினதும் இருமிக்கொண்டு திரும்பிவிடலாம், வயசாகிவிட்டது என்று சொல்லலாம் — இதுதான் என் திட்டம். திட்டம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது அது கேட்டது. சாதாரணமாகத்தான் கேட்டது, முடியை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டே.

"மாமா, நடுவுல நான் களைச்சுப் போயிட்டா நீங்க பிடிச்சுக்குவீங்கல்ல?"

என் வாயில் பதில் தயாராகத்தான் இருந்தது. எப்போதும் இருக்கும். ஆனால் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் தண்ணீர் நெளிவதைப் பார்த்துவிட்டேன்.

"மாட்டேன்" என்றேன். "எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

சிரித்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தது. "மாமா புதுக் கதை ஆரம்பிச்சுட்டாரு" என்று தாழ்வாரத்தைப் பார்த்துக் கத்தியது. அங்கே தங்கையும் சிரித்தாள். "நல்லா மாட்டுன போ" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஐம்பது வருஷத்தில் ஒரே ஒரு உண்மை சொன்னேன். அதை ஒருத்தரும் நம்பவில்லை.

சுண்டெலி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்த ஆரம்பித்துவிட்டது. காதில் தண்ணீர். நான் கூப்பிட்டது கேட்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தேன். மணல் காலடியில் சரிந்தது. தொடைவரை தண்ணீர். அதற்கு மேல் என் கால் எனக்குக் கட்டுப்படவில்லை. கட்டுப்படவே இல்லை. எழுதிவிடுகிறேன், அப்படியே நின்றேன்.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி படியில் நின்றிருந்தாள், கையில் ஈரத் துணியோடு. "சொல்லேன்" என்றேன். கத்தினேனா, சும்மா சொன்னேனா, ஞாபகமில்லை.

அவள் துணியைப் போட்டுவிட்டு மணலில் ஓடி வந்தாள். "நிஜந்தான். அவருக்கு நீச்சல் தெரியாது. புள்ளயக் கூப்பிடுங்க" என்றாள். அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை நாற்காலி கவிழ எழுந்து விரல் இரண்டையும் வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். நிலத்தின் அந்த மூலையில் அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆளைக் கூப்பிடுகிற விசில். சுண்டெலி தலையைத் தூக்கிப் பார்த்தது, திரும்பியது, வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு கை வீச்சு தூரம்தான் போயிருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. தங்கை துண்டால் பெண்ணைத் துவட்டினாள். அழுத்தித் துவட்டினாள். "ஏறு போதும். பாறையும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள். மாப்பிள்ளைக்கும் நீச்சல் வராது, அவர் அதை எப்போதும் சொல்லித்தான் வைத்திருக்கிறார். சுண்டெலி என்னைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கணக்குத் தப்பாகிப்போன பிள்ளை நோட்டைப் பார்க்குமே, எங்கே தப்புச் செய்தோம் என்று. அப்படிப் பார்த்தது.

நான் வேனுக்குப் போய் உட்கார்ந்தேன். பின்னால் கயிறு கிடந்தது.

அதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மணலுக்கு வந்தேன். தங்கையைப் பார்க்காமல் மாப்பிள்ளையிடம் பேசினேன். "இது நூத்தைம்பது அடி. நீங்களே அளந்துக்குங்க. இதுல ஒரு மோட்டார் கட்டி இறக்கினா எங்க தட்டுது, எங்க சிக்குது, எங்க கனக்குதுன்னு கண்ணால பாக்காமலே கை சொல்லும். முப்பது வருஷம். ஒரு மோட்டாரும் கிணத்துல விட்டதில்ல."

"இதுவும் கதையா?" என்றாள் தங்கை.

"இல்ல. இதை நான் யாருகிட்டயும் சொன்னதே இல்ல."

உண்மைதான். வேலையைப் பற்றி என்ன சொல்வது? கயிறு பிடிக்கிறவன் கதையை யார் கேட்பார்கள்?

மாப்பிள்ளை கயிற்றை முழம் முழமாக அளந்தார். "நூத்தி நாப்பத்தெட்டு" என்றார். பிறகு தங்கையைப் பார்த்து, "இவரு சொன்னதுல இதுதான் முதல் தடவையா கிட்ட வருது. விடலாம்" என்றார்.

தங்கை ஆற்றைப் பார்த்தாள். பிறகு துண்டைப் பெண்ணின் தோளிலிருந்து எடுத்தாள்.

மோட்டாருக்குப் போடுகிற முடிச்சு இழுத்தாலும் இறுகாது, அவிழவும் செய்யாது. அதைத்தான் போட்டேன், நெஞ்சுக்குக் கீழே, உள்ளே துண்டு வைத்து. மறுமுனையைக் கரை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சுண்டெலி இறங்கியது. நான் விட்டேன், பிடித்தேன், விட்டேன். தொய்வு வரவும் கூடாது, இழுப்பு தெரியவும் கூடாது. பேசவில்லை. நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை என் குடும்பம் பார்த்ததில்லை.

பாறையில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கியது. பல் தெரிந்தது. எண்பத்தைந்து அடியில் பல் தெரியுமா? தெரிந்தது.

திரும்பும்போதுதான். பாறையை விட்டுப் பத்தடி வந்திருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை, கை வீசிக்கொண்டுதான் இருந்தது. கயிறு என் கையில் பக்கவாட்டில் நகர்ந்தது. கொஞ்சம்தான். மோட்டார் குழாயில் உரசும்போது வருமே, அந்த மாதிரி. இழுப்பில் மாட்டிவிட்டாள் என்று கைக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்தது. மரச்சுற்றை உதறிவிட்டு எழுந்து இழுத்தேன். கை மாற்றிக் கை மாற்றி. அப்புறம்தான் தங்கை கத்தினாள், அப்புறம்தான் தலை ஒரு தடவை உள்ளே போய் வந்தது. ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை. கரைக்கு வந்து மணலில் கவிழ்ந்து இரண்டு தடவை இருமி, தண்ணீரைத் துப்பி, நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

"களைச்சுட்டேன் மாமா" என்றது. "பிடிச்சுட்டீங்க."

அதன் நெஞ்சிலிருந்த முடிச்சை அவிழ்த்தேன்.

மத்தியானம் சாமான் கட்டும்போது தங்கை என் கைக்கு மருந்து போட்டாள். துணியைச் சுற்றி முடிந்த பிறகு, தலையைத் தூக்காமல், "அப்ப அந்தச் செருப்பு?" என்றாள்.

"நடந்து போனேன். புதர்ல மாட்டியிருந்துச்சு."

"எவ்வளவு தூரம்?"

பத்து மைல் என்று நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன். "பாலம் வரைக்கும்" என்றேன்.

அவளுக்குத் தெரியும் அந்தப் பாலம். கொஞ்ச நேரம் என் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள். "வெயில்ல போனியா?" என்று கேட்டாள்.

"செருப்பில்லாம" என்றேன். அது கதை இல்லை.

கிளம்பும்போது மரவீட்டுக்காரரிடம் பதிவேட்டை வாங்கினேன். 'நிபுணர்' என்பதை அடித்தேன். கையெழுத்தையும் அடித்தேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

வேனில் வீட்டுக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றேகால் மணி நேரமும் தூங்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

டீக்கடையில் கைக்கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஆற்றுக்குப் போனோம் என்று ஆரம்பித்தேன். எல்லோரும் கிட்ட வந்து உட்கார்ந்தார்கள். முதலை ஒன்று கதைக்குள் கிட்டத்தட்ட வந்துவிட்டது. "கயிறு இழுத்தேன், தோல் போயிடுச்சு" என்று முடித்துக்கொண்டேன்.

அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

மார்ச் 28, சனி

சுண்டெலி வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம், படித்துக் காட்டியது. அதில் நான் பாறையிலிருந்து தலைகீழாகக் குதித்து அதைத் தோளில் தூக்கி வருகிறேன். நன்றாக எழுதியிருந்தது, என் ரத்தம் எங்கே போகும்.

"அது நான் இல்லையே" என்றேன்.

"இப்படி எழுதினாத்தான் மாமா நல்லா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. நான் அங்க இல்லாம இருக்கேன், அவ்வளவுதான்."

யோசித்தது. நாலு வரியை அடித்தது. முடிச்சு எப்படிப் போட்டேன் என்று கேட்டது. காட்டினேன். கதவுக் கைப்பிடியில் போட்டு மூன்று தடவை பழகியது. போகும்போது, சனிக்கிழமைகளில் அது போகிற குளத்தில் பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு என்று சொல்லிவிட்டுப் போயிற்று. சும்மா சொல்லிவிட்டுத்தான் போயிற்று.

ஏப்ரல் 4, சனி

குளத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "முன்பு நீச்சல் பழக்கம் உண்டா?" பக்கத்தில் எழுத நிறைய இடம் விட்டிருந்தார்கள்.

இல்லை.

ஏப்ரல் 25, சனி

ஆழமில்லாத பக்கம். வாத்தியார் கையை எடுத்துவிட்டார். கரையில் சுண்டெலி என் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது, எவ்வளவு சொன்னாலும் விடவில்லை. தங்கையும் வீட்டுக்காரியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை டேப்போடு வந்திருந்தார்.

ஒன்பது அடி நீந்தினேன்.

ஒன்பது அடி நாலு அங்குலம் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த நாலு அங்குலத்தை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.